கொலைக்கு நட்சத்திரம் சாட்சியா?

நாவல் படிப்பது வேலையற்றவர் காரியம் என்றும், அதிலும் கொலை, களவு, துப்பறிதல் என்கின்ற நாவல்களைப் படிப்பது காலத்தைப் பாழாக்குவதேயாகும் என்றும் கருதுகின்ற தோழர்கள் நம்மில் பலர் இருக்கின்றார்கள். நாமும் வெகு காலம் அப்படித்தான் கருதியிருந்தோம். ஆனால் சமீபத்தில் ஒரு தோழர் நம்மிடம் ஒரு புத்தகத்தைக் கொண்டு வந்து போட்டு, "இதை நாற்பது பக்கத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. பக்கத்துக்குப் பக்கம் சனி, செவ்வாய், லக்கினம், ராசி என்று ஒரு கிழவி பிதற்றிக் கொண்டே போகின்றாள். இப்படி எழுதுகிறவருக்கா நோபல் பரிசு கொடுத்தார்கள்?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாம் அப்புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரையில் படித்தோம். படித்த பிறகு, அத்தோழர் நாற்பதாவது பக்கத்தில் நின்றுவிட்டது எவ்வளவு பெரிய தவறு என்பதை அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் சொல்ல வேண்டியது அவசியமென்று தோன்றியதால் இதை எழுதுகின்றோம்.

புத்தகத்தின் பெயர் "இறந்தோர் எலும்புகளின் மேல் உன் ஏரை ஓட்டு" என்பதாகும். எழுதியவர் போலந்து தேசத்து ஓல்கா தொகார்ச்சுக் என்கின்ற அம்மையார். போலிஷ் பாஷையில் 2009-ம் வருஷத்திலும், இங்கிலீஷில் 2018-ம் வருஷத்திலும் வெளியாயிற்று. 2018-ம் வருஷத்துக்குரிய இலக்கிய நோபல் பரிசு 2019-ல் இவருக்குக் கொடுக்கப்பட்டது. நோபல் பரிசு ஒரு தனிப் புத்தகத்துக்குக் கொடுப்பதல்ல; எழுதியவரின் எழுத்து முழுமைக்குமே கொடுப்பதாகும். இதையும் நம் தோழருக்குச் சொல்லி வைக்கின்றோம்.

கொலையாளி யாரென்பதை நாம் இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடப் போகின்றோம். ஏனென்றால் இந்த நாவலில் விஷயமெல்லாம் அதில்தான் இருக்கின்றது. துப்பறியும் கதையின் ருசி கெட்டுப்போகும் என்று பயப்படுகின்றவர்கள் முதலில் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பிறகு இதைப் படிக்கலாம்.

கதை நடக்கும் இடம் போலந்தின் தென்மேற்கு மூலையில் செக் தேசத்து எல்லையை ஒட்டியுள்ள மலைப்பிரதேசம். குவொட்ஸ்கோ என்கின்ற பட்டணத்தைச் சார்ந்த பூமி. 1945 வரையில் இது ஜெர்மனியைச் சேர்ந்திருந்தது. யுத்தம் முடிந்தபின் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டு, போலிஷ்காரர் குடியேற்றப்பட்டார்கள். இந்த மலைமேல் ஒரு குக்கிராமம். கோடைக்கு மட்டும் பட்டணத்துச் சீமான்கள் வந்து தங்குகிற வீடுகள் சில. குளிர்காலத்திலும் குடியிருப்பவர்கள் மூன்றே பேர். அவர்களில் ஒருவர்தான் கதையைச் சொல்லுகின்ற யானினா துஷெய்கோ அம்மாள். ஒரு காலத்தில் பாலம் கட்டுகிற என்ஜினீயராக இருந்தவர். பிறகு பள்ளிக்கூடத்தில் சிறு பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறார். குளிர்காலத்தில் சீமான்களின் பூட்டிய வீடுகளைப் பார்த்துக்கொள்ளுகிறார். வயதானவர், தனியாக இருப்பவர், நோயாளி, மாமிசம் சாப்பிடாதவர். ஜாதகம் கணிப்பதில் தீராத பைத்தியம். இவர் பெண்மக்களைப் போல வளர்த்த இரண்டு நாய்கள் ஒரு நாள் காணாமல் போய்விட்டன. நாய்கள் என்றுகூட அவர் சொல்லுவதில்லை. "என் சிறுமிகள்" என்றே சொல்லுகிறார்.

ஒரு பனி இரவில் அண்டை வீட்டுக்காரன் செத்துக் கிடக்கின்றான். அவன் காட்டில் திருட்டுத்தனமாகக் கண்ணி வைத்து மிருகங்களைப் பிடிக்கின்றவன். தான் பிடித்துத் தின்ற மானின் எலும்பே அவன் தொண்டையில் சிக்கிக் கொண்டது. இது விபத்து. இதற்குப் பிறகு வரும் நான்கு சாவுகளும் விபத்தல்ல. போலீஸ் தலைவன் ஒரு கிணற்றில் பிணமாகக் கிடக்கின்றான். சுற்றிலும் பனியில் மானின் குளம்படிகள். நரிகளைத் தோலுக்காகக் கூண்டில் வளர்த்து விற்ற பணக்காரன் காட்டில் கம்பிக் கண்ணியில் சிக்கிச் செத்து, வெகு நாளைக்குப் பின் கண்டெடுக்கப்படுகின்றான். காளான் சேகரிப்போர் சங்கத்துப் பிரசிடெண்ட் ஒரு கேளிக்கை இரவில் செத்துப்போகின்றான். உடம்பெல்லாம் வண்டுகள் மொய்க்கின்றன. கடைசியில் ஊர்ப் பாதிரியார் நெருப்பில் மாண்டு போகின்றார். இந்த நால்வரும் வேட்டைக்காரர்கள்.

போலீசாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் நமது துஷெய்கோ அம்மாளுக்கு மாத்திரம் எல்லாம் விளங்கிவிடுகின்றது! மிருகங்கள் தங்களைக் கொன்றவர்களைப் பழிவாங்குகின்றன என்கின்றார். கிரகநிலை அதற்குச் சாட்சி என்கின்றார். செத்தவர்களின் பிறந்த தேதிகளைச் சேகரித்து, சனி இங்கே நின்றது, செவ்வாய் அங்கே பார்த்தது என்று கணக்குப் போடுகின்றார். போலீசுக்கு மனுமேல் மனு எழுதுகின்றார். அந்த மனுக்களில் ஐரோப்பாவில் முற்காலத்தில் மிருகங்களின் மேல் நடந்த வழக்குகளையும் எடுத்துக் காட்டுகின்றார்.

இந்த வழக்குகள் கட்டுக்கதையல்ல என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1386-ல் பிரான்சில் ஃபலேஸ் என்ற ஊரில் ஒரு குழந்தையைக் கொன்றதற்காக ஒரு பெண் பன்றியை விசாரித்துத் தண்டனை விதித்துத் தூக்கிலிட்டார்கள். 1474-ல் ஸ்விட்சர்லாந்தில் பாசல் நகரத்தில் ஒரு சேவல் முட்டையிட்டது என்று குற்றம் சாட்டி அதை நெருப்பிலிட்டுக் கொளுத்தினார்கள். பயிரைத் தின்ற எலிகளின் மேல் பாதிரிமார் கோர்ட்டில் வழக்கு நடந்து, எலிகளுக்காக வக்கீல் வாதாடினதும் உண்டு. மிருகத்துக்கு ஆத்மா இல்லை, அறிவு இல்லை, பாவ புண்ணியம் இல்லை என்று சொன்ன அதே மதக்காரர்கள்தான் எலிக்குச் சம்மன் அனுப்பி, வராவிட்டால் சாபம் கொடுத்தார்கள்! தின்பதற்கு வேண்டும்போது அதற்கு ஆத்மா இல்லை. தண்டிப்பதற்கு வேண்டும்போது அதற்குப் பொறுப்பு வந்துவிடுகின்றது. இதற்கு என்ன பெயர் சொல்லுவது?

நிற்க, போலீசார் அந்த மனுக்களை என்ன செய்தார்கள்? பைத்தியக்காரக் கிழவி என்று சிரித்துக் குப்பையில் போட்டார்கள். நம் தோழர் நாற்பதாவது பக்கத்தில் என்ன செய்தாரோ அதையேதான் அவர்களும் செய்தார்கள். இந்த இடத்தில்தான் நூலாசிரியை போலீசாரையும் படிப்பவர்களையும் ஒன்றாக ஏமாற்றுகின்றார். ஏனென்றால் நான்கு பேரையும் கொன்றது மானுமல்ல, நரியுமல்ல, வண்டுமல்ல, சனியுமல்ல, செவ்வாயுமல்ல. கதையைச் சொல்லிக் கொண்டே வருகின்ற துஷெய்கோ அம்மாளேதான் கொலையாளி!

கதை சொல்லுகிறவரே கொலையாளியாக இருப்பது புதிதல்ல என்று நாவல் படித்தவர்கள் சொல்லுவார்கள். வாஸ்தவந்தான். 1926-ல் அகதா கிறிஸ்டி அம்மையார் எழுதிய ராஜர் அக்ராய்டு கொலைக் கதையில் கிராமத்து டாக்டரே கதையைச் சொல்லுகின்றார், அவரே கொலையாளி. அதேபோல் தெய்வ சாபத்தைச் சொல்லிக் கொலை செய்வதும் புதிதல்ல. 1902-ல் புத்தகமாக வந்த கானன் டாயிலின் பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதையில், ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பேய் நாய் ஒன்று துரத்துகின்றது என்று ஊரே நம்புகின்றது. கடைசியில் பார்த்தால் அது எலும்பும் தோலுமுள்ள சாதாரண நாய். சொத்துக்கு ஆசைப்பட்ட ஒருவன் அதன் முகத்தில் ஒளிவீசும் மருந்தைத் தடவி ஏவியிருக்கின்றான். ஆனால் டாயிலின் கதையில் கொலைகாரனுக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. அவன் வெறும் பித்தலாட்டக்காரன். மற்றவர்களின் மூடநம்பிக்கையை முதலாக வைத்து வியாபாரம் செய்கின்றவன். அவனைக் கண்டுபிடித்து விட்டால் பேயும் ஒழிந்தது, கதையும் முடிந்தது.

தொகார்ச்சுக் அம்மையார் அதைவிட ஆழமான ஒரு காரியத்தைச் செய்திருக்கின்றார். துஷெய்கோ அம்மாள் ஜோசியத்தை மனப்பூர்வமாக நம்புகின்றார். அதில் வேஷமில்லை. தான் சாகப் போகும் நாள்கூடத் தனக்குத் தெரியும் என்கின்றார். அப்படி நம்புகின்ற ஒருவர் தன் கையால் நான்கு பேரைக் கொன்றுவிட்டு, அந்தக் கையைத் தன் கண்ணுக்கே தெரியாமல் நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துக் கொள்ளுகின்றார். கிரகம் செய்தது என்று அவர் சொல்லும்போது பொய் சொல்லுகிறாரா, மெய் சொல்லுகிறாரா என்று கேட்டால் பதில் சொல்லுவது கஷ்டம். ஏன் கஷ்டம்? ஜோசியத்தின் உபயோகமே அதுதான் என்பது நமது அபிப்பிராயம். வரப் போவதைச் சொல்லுவதற்காக எவனும் ஜோசியத்தை வைத்துக் கொண்டிருக்கவில்லை. ஆன காரியத்துக்கும், ஆகப் போகின்ற காரியத்துக்கும் தான் பொறுப்பாளியல்ல என்று சொல்லிக் கொள்ளுவதற்காகவே வைத்துக் கொண்டிருக்கின்றான். இந்த அம்மாளும் ஒவ்வொருவனும் செத்தபின்தான் அவன் ஜாதகத்தில் சாவைக் கண்டுபிடிக்கின்றார். பிணத்தைப் பார்த்துவிட்டுக் கணித்த ஜாதகம் எங்கே பொய்க்கப் போகின்றது?

இனி எதிர்க்கட்சியைப் பார்ப்போம். செத்த நால்வருக்கும் தலைமையாக வைத்துப் பார்க்கத் தக்கவர் அந்தப் பாதிரியார். அவர் பாதிரியார் மாத்திரமல்ல. வேட்டைக்காரர்களுக்கு மதபோதகரும் அவரே. துஷெய்கோ அம்மாள் தம் நாய்களை நினைத்து அழுதபோது, மிருகத்தை மனிதரைப் போலப் பாவிப்பது பாவம் என்று அவர் உபதேசம் செய்தார். பிறகு ஹியூபர்ட் என்கின்ற "பரிசுத்தவானின்" திருநாளன்று கோவிலில் பிரசங்கம் செய்யும்போது, வேட்டைக்காரர்கள் கடவுளின் சிருஷ்டியைப் பராமரிப்பதில் கடவுளுக்குத் துணை நிற்கின்றவர்கள் என்று புகழ்கின்றார்.

இந்த ஹியூபர்ட் யார்? அவர் ஒரு காலத்தில் வெறிகொண்ட வேட்டைக்காரராக இருந்தாராம். ஒரு நாள் காட்டில் ஒரு மானின் கொம்புகளுக்கிடையே சிலுவை தோன்றக் கண்டாராம். அன்றோடு பழைய வாழ்க்கையை விட்டுச் சந்நியாசியானாராம். புராணம் இப்படிச் சொல்லுகின்றது. புராணத்தை நாம் நம்ப வேண்டியதில்லை. ஆனால் நம்புகின்றவர்கள் அதையாவது சரியாக நம்ப வேண்டாமா? வேட்டையை விட்டவரை வேட்டைக்காரர்களின் குலதெய்வமாக்கி, நவம்பர் 3-ந் தேதி அவர் பேரால் பூசை செய்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு புறப்படுகின்றார்கள்! குடியை விட்டவனைக் கள்ளுக்கடைக்குக் காவல் தெய்வமாக வைத்தால் எப்படியோ அப்படியே இது. ஜோசியப் பைத்தியமான அந்த அம்மாள்தான் இந்தப் புரட்டைக் கண்டுபிடித்துக் கேட்கின்றாரேயொழிய, கோவில் நிறைய உட்கார்ந்திருந்த புத்திசாலிகளில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பிரசங்கத்தின் நடுவே எழுந்து நின்று கூச்சல் போட்டு, கீழே இறங்கு என்று பாதிரியாரைப் பார்த்துச் சொல்லுகின்றார். இதற்குக் கிடைத்த பரிசு, பள்ளிக்கூட வேலை போனதுதான்.

இந்த நாவலில் பலவித அடையாளங்கள் வருகின்றன. அவற்றில் நாம் மிக உயர்வாக மதிப்பது ஒன்று. போலிஷ் பாஷையில் "அம்போனா" என்று ஒரு சொல் உண்டு. கோவிலில் பாதிரியார் ஏறி நின்று பிரசங்கம் செய்கின்ற மேடைக்கு அதுதான் பெயர். காட்டில் வேட்டைக்காரர்கள் மரக்கால்களின் மேல் கட்டி, மறைந்து உட்கார்ந்து, கீழே தீனி போட்டு, தின்ன வருகின்ற மிருகத்தைச் சுடுகின்ற பரணுக்கும் அதுவேதான் பெயர். இது ஆசிரியையின் கற்பனையல்ல. அந்த ஜனங்கள் தினமும் பேசுகின்ற பேச்சு. தீனி போட்டு அழைத்து மேலேயிருந்து சுடுகிற இடத்துக்கும், அன்பைப் போதிக்கின்ற இடத்துக்கும் ஒரே பெயர் என்பது ஒருவர் காதிலும் இடறவில்லை. அந்த ஒரு சொல்லை எடுத்துப் பிரசங்கத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஆசிரியை பேசாமல் நின்றுவிடுகின்றார். இதற்குமேல் மதத்தைக் கண்டித்து ஒரு அத்தியாயம் எழுதினாலும் இவ்வளவு சொல்லியிருக்க முடியாது.

வேறு அடையாளங்களை அதிகமாகப் பேச வேண்டியதில்லை. நாவலின் பெயர் வில்லியம் பிளேக் என்கின்ற இங்கிலீஷ் கவிஞரிடமிருந்து எடுக்கப்பட்டது. 1827-ல் இறந்துபோன அவர் பாதிரிமாரையும் அரசர்களையும் காரமாகத் தாக்கி எழுதியவர். ஆனால் தேவதூதர்களைக் கண்ணால் பார்த்ததாகவும் சொல்லிக் கொண்டவர். இந்த அம்மாளுக்கு ஏற்ற கவிதான். அவருடைய பழைய மாணவன் ஒருவன், போலீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கின்றவன், வாரந்தோறும் வந்து அவரோடு உட்கார்ந்து பிளேக்கை மொழிபெயர்க்கின்றான். இருவரும் ஒரு சொல்லுக்காக மணிக்கணக்கில் சண்டை போடுகின்ற கட்டங்கள் படிக்க வெகு இனிமையாக இருக்கின்றன.

ஆனால் பெயர் வைப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஞானஸ்நானத்தில் கொடுக்கிற பெயர் எவனுக்கும் பொருந்துவதில்லை என்பது இந்த அம்மாளின் கொள்கை. தம்முடைய பெயரையே அவருக்குப் பிடிக்காது. ஆகையால் எல்லோருக்கும் தாமே பெயர் வைக்கின்றார். செத்த அண்டை வீட்டுக்காரன் "பெருங்கால்". பழைய துணிக்கடை வைத்திருக்கின்ற நோயாளிப் பெண் "நற்செய்தி". அரசாங்க வக்கீல் "கறுப்புக் கோட்டு". மதமும் குடும்பமும் சுமத்திய பெயரைத் தூக்கியெறிவது நமக்கும் சந்தோஷமான காரியந்தான். ஆனால் இதிலும் ஒரு ஆபத்து இருக்கின்றது. "பெருங்கால்" என்று பெயர் வைத்துவிட்டால் அவன் ஒரு விலங்கு. பிறகு அவனுக்காக வருத்தப்பட வேண்டியதில்லை. நாயைச் "சிறுமி" என்றதும் அது குழந்தையாகிவிட்டது. பிறகு அதற்காகக் கொலையும் செய்யலாம். இந்த அம்மாளின் குற்றத்தில் பாதி அவர் பெயர் வைப்பதிலேயே அடங்கியிருக்கின்றது.

இப்போது வாசகர்கள், இவரை நீர் ஆதரிக்கின்றீரா, கண்டிக்கின்றீரா என்று நம்மைக் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஊரில் அதிகாரம் யாரிடம் இருக்கின்றது என்று முதலில் பாருங்கள். போலீஸ் தலைவன், பணக்காரன், சங்கத்துப் பிரசிடெண்ட், பாதிரியார் ஆகிய நால்வரும் ஒரே வேட்டைக் கூட்டம். ஒரே இடத்தில் சாப்பிடுகின்றவர்கள், ஒரே மேடையில் உட்காருகின்றவர்கள். இவர்கள் செய்கிற குற்றத்தை இவர்களிடமேதான் முறையிட வேண்டும். வேட்டைக்காலம் முடிந்த பின் காட்டுப்பன்றி சுடப்பட்டுக் கிடந்தபோது அந்த அம்மாள் போய் முறையிட்டார். அந்த முறையீட்டில் சனியுமில்லை, செவ்வாயுமில்லை. சட்டமிருந்தது, செத்த பன்றியிருந்தது. அப்போது மாத்திரம் கேட்டார்களா? தனியாக இருக்கிற வயதான பெண்பிள்ளையின் பேச்சை யார் கேட்பது என்று அனுப்பிவிட்டார்கள். ஆகையால் அவர் ஜோசியம் பேசியதால்தான் அதிகாரிகள் கேட்கவில்லை என்பது சரியல்ல. முன்பே கேட்காதவர்களுக்கு, இனிக் கேட்காமலிருக்க ஒரு நல்ல சாக்கை அந்த ஜோசியம் கொடுத்தது. அவ்வளவுதான். அதிகாரமுள்ளவன் எப்போதும் ஏழையின் மனுவில் உள்ள ஒரு பிசகைத் தேடிக் கொண்டேயிருக்கின்றான். அந்தப் பிசகைத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார் இந்த அம்மாள்.

ஆனால் இதற்காகக் கொலையை நாம் ஒப்புக்கொள்ளுவதா? ஒருக்காலும் முடியாது. முறையிட்டுக் கேளாமற்போனால் கொல்லலாம் என்று ஏற்பட்டுவிட்டால், நாளைக்கு அந்த உரிமையை எடுத்துக்கொள்ளுகிறவன் தனியாக இருக்கிற கிழவியாக இருக்கமாட்டான். துப்பாக்கியும் ஆள்பலமும் உள்ளவனாகவே இருப்பான். அன்றியும் அந்த அம்மாளிடமிருந்த சாட்சியம் என்ன? ஒரு போட்டோ. வேட்டைக்காரர்கள் வரிசையாக நிற்கின்றார்கள். காலடியில் அன்றைக்குச் சுட்ட மிருகங்கள் அடுக்கியிருக்கின்றன. அந்த அடுக்கில் இவருடைய இரண்டு நாய்களும் கிடக்கின்றன. சுட்டது யார் என்று அந்தப் படம் சொல்லவில்லை. ஒருவன் சுட்டிருக்கலாம், மற்றவர்கள் வெறுமனே நின்று பல்லைக் காட்டியிருக்கலாம். பக்கத்தில் நின்றவனுக்கும் சுட்டவனுக்கும் ஒரே தண்டனை என்று விதிக்க இவருக்கு எந்தக் கோர்ட்டு அதிகாரம் கொடுத்தது? எலிக்குச் சம்மன் அனுப்பின பாதிரிமார்கூட எதிரிக்கு ஒரு வக்கீல் வைத்தார்கள். இவர் அதுவும் வைக்கவில்லை.

பாதிரியார், மனிதனுக்குக் கடவுள் அதிகாரம் கொடுத்திருக்கிறார், ஆகையால் வேட்டைக்காரன் குற்றவாளியல்ல என்கின்றார். இந்த அம்மாள், கிரகம் அப்படி நின்றது, மிருகங்கள் பழிவாங்கின, ஆகையால் யாரும் குற்றவாளியல்ல என்கின்றார். இருவரும் பரம விரோதிகள். ஒருவரை ஒருவர் பார்த்தால் எரிந்து விழுகின்றவர்கள். ஆனால் இருவரும் கையிலுள்ள இரத்தத்தைத் துடைப்பது ஒரே துணியில்தான். அந்தத் துணி ஆகாயத்தில் தொங்குகின்றது. நூலாசிரியை இதை எங்கேயும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் நாம் படித்தவரையில் நாவலின் முதுகெலும்பு இதுவென்றே நினைக்கின்றோம். ஜோசியத்தைப் பாராட்டி எழுதிய புத்தகம் என்று நம் தோழர்கள் வெறுப்பதும், கிறிஸ்து மதத்தைத் தாக்கிய புத்தகம் என்று மட்டும் வேறு சிலர் கொண்டாடுவதும் இரண்டும் பாதிப் படிப்புத்தான். இதே கதையை அக்னியெஷ்கா ஹாலண்ட் அம்மையார் "பொகோட்" என்ற பெயரில் சினிமாவாக எடுத்து, 2017-ல் பெர்லின் படவிழாவில் வெள்ளிக் கரடிப் பரிசு பெற்றார். அப்போதும் போலந்தில் அதை மத விரோதமான படம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். பிரசங்க மேடையையும் பரணையும் ஒரே பெயரால் கூப்பிடுகின்றவர்களுக்கு அதைச் சுட்டிக் காட்டுவதுதான் விரோதமாகப் படுகின்றது.

கடைசியாக, இந்த அம்மாளின் சிநேகிதர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிகம் பேசாத அண்டை வீட்டுக்காரர் ஒருவர், மொழிபெயர்க்கின்ற இளைஞன், துணிக்கடைப் பெண், பட்டுப்போன மரத்திலுள்ள வண்டுகளை ஆராய்ச்சி செய்ய வந்து சில நாள் இவர் வீட்டில் தங்கின ஒரு பூச்சி சாஸ்திரி. இவர்களில் ஒருவருக்கும் ஊரில் மதிப்பில்லை. இரத்த சம்பந்தமுமில்லை, ஒரே மதக் கொள்கையுமில்லை. சூப்பு வைத்துச் சாப்பிடுவதும், ஒருவர் நோவுக்கு மற்றவர் உதவுவதுமாக ஒரு குடும்பமாகிவிடுகின்றார்கள். அந்த அண்டை வீட்டுக்காரருக்குப் பிறந்தவர்தான் கொலைகளை விசாரிக்கின்ற "கறுப்புக் கோட்டு" வக்கீல். அந்தத் தகப்பனும் மகனும் உட்கார்ந்து பேசுவது அபூர்வம். இரத்த உறவு அங்கே காய்ந்து கிடக்கின்றது. சிநேகம் பச்சையாக இருக்கின்றது. கிராமத்துக் கதைகளில் குடும்பத்தைத் தெய்வமாக்கி எழுதுகின்ற வழக்கத்துக்கு இது நல்ல மாற்று என்று நாம் வரவேற்கின்றோம்.

ஆனால் உண்மை வெளிப்பட்டதும் இந்தச் சிநேகிதர்கள் என்ன செய்தார்கள்? அம்மாளைப் போலீசில் ஒப்படைக்கவில்லை. தப்பிப் போக விட்டு, பியாவோவியெஜா பெருங்காட்டின் பக்கம் அந்தப் பூச்சி சாஸ்திரியிடம் ஒளிந்திருக்கும்படி செய்தார்கள். வேட்டைக்காரர்கள் தங்களுக்குள் ஒருவரையொருவர் காட்டிக் கொடுக்காமலிருந்ததைப் பார்த்துக் கோபப்பட்ட நமக்கு, இவர்கள் காட்டிக் கொடுக்காமலிருப்பதைப் பார்த்துச் சந்தோஷம் வருகின்றது. நமக்கு வந்தது என்றே ஒப்புக்கொள்ளுகின்றோம். அந்தச் சந்தோஷத்தைப் பற்றி இரண்டு நாள் யோசித்தோம். இன்னும் அது நமக்குச் சரியாக ஜீரணமாகவில்லை.

நமது தோழருக்கு ஒரு வார்த்தை. புத்தகத்தைத் திருப்பி அனுப்புகின்றோம். நாற்பதாவது பக்கத்திலிருந்து தொடர வேண்டாம். மறுபடியும் முதல் அத்தியாயத்திலிருந்தே தொடங்கவும். அன்றிரவு செத்துக் கிடந்த "பெருங்கால்" வீட்டில், போலீசார் வருவதற்கு முன் அந்த அம்மாள் அவனுடைய பத்திரங்களைத் தேடுகின்ற இடத்தை மெதுவாகப் படிக்கவும். அந்த ஒரே தேடலில் அவருக்கு இரண்டு பொருள்கள் அகப்படுகின்றன. ஒன்று, அவன் பிறந்த தேதி. மற்றொன்று, அந்தப் போட்டோ. பிறந்த தேதியை எடுத்துக்கொண்டு போய் ஜாதகம் கணித்து, அதைக் கதை முழுவதும் கண்டவரிடமெல்லாம் பேசுகின்றார். போட்டோவில் என்ன இருந்தது என்பதைப் பற்றிக் கடைசி வரையில் நம்மிடம் மூச்சு விடவில்லை.